முளைக்காததைத் தோண்டிப் பார்த்தல்

புரட்டாசிப் பட்டத்துக்கு விதைத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. நிலத்தில் பச்சை தெரியவில்லை. விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரத்தில் மானாவாரிக் கரிசலை நம்பிப் பிழைக்கும் ஒரு சம்சாரி அந்த நேரத்தில் வானத்தைப் பார்ப்பார், பஞ்சாங்கத்தையும் பார்ப்பார். ஆனால் முதலில் செய்வது வேறு. புஞ்சைக்குள் இறங்கி, விதை விழுந்த சாலில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, போட்ட விதையைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்.

விதை போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் அதுவரை இறங்கவில்லை. உப்பி அழுகி விரலில் பிசுபிசுத்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. விதை விழுந்த தடம் மட்டும் இருந்து விதையைக் காணோம் என்றால் எறும்போ எலியோ முந்திக்கொண்டது. வெள்ளை முளை எட்டிப் பார்த்து நுனி கருகியிருந்தால், ஒரு தூறலை நம்பி எழுந்து, அடுத்த மழை வராமல் செத்தது. முளை நலமாகவே இருக்க, மேலே ஒரு மண்கட்டி அமுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இந்த ஐந்தும் ஒன்றுதான்: முளைக்கவில்லை. தோண்டியவருக்கு மட்டும் ஐந்தும் வேறு வேறு.

கரிசல் ஊர்களில் இன்று முளைக்காத விதை இன்னொன்றும் உண்டு. அதே சம்சாரி வீட்டில் கல்லூரியில் கணினி படிக்கும் ஒரு பேத்தி இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து ஊர்களில் இது அரிய காட்சியே அல்ல. பாடத்துக்காகத் தன் மடிக்கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வரை நிறுவுகிறாள். கோப்புகள் இறங்கின, விரிந்தன, நிறுவல் முடிந்ததென்று திரையும் சொல்லிவிட்டது. சர்வரை ஓடச் சொன்னால் மட்டும் சில நொடி திணறிவிட்டு நின்றுபோகிறது. விண்டோஸ் 1067 என்ற எண்ணோடு ஒரு வரி காட்டுகிறது. செயல் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்பது அதன் பொருள். ஏன் முடிந்தது என்று அந்த வரியில் இல்லை.

“எந்திரிக்கலையா தாயி அது?”

“இல்ல தாத்தா. எல்லாம் சொன்னபடிதான் போட்டேன்.”

“நேரம் சரியில்லையோ என்னமோ. சாமியக் கும்பிட்டுட்டு நாளைக்குப் போட்டுப் பாரு.”

காலையில் புஞ்சையில் விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்த அதே மனிதர்தான் மாலையில் நேரத்தின்மேல் பழிபோடுகிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஒதுக்கினால் அந்த மனிதரைப் புரிந்துகொண்டதாக ஆகாது. மண் அவருக்குத் திறந்த பெட்டி. எங்கே விரலை விட வேண்டும் என்பது ஐம்பது வருடப் பழக்கம். மடிக்கணினி அவருக்கு மூடிய பெட்டி. விரல் போகாத இடத்துக்குத்தான் நேரமும் விதியும் முதலில் வந்து சேர்கின்றன. நகரத்து அலுவலகங்களிலும் இதுவே நடக்கிறது. ஆயுதபூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்த சர்வர் அறைகள் சென்னையில் எத்தனையோ உண்டு. பொட்டில் தவறில்லை. பொட்டு வைத்தவர் மறுநாள் சர்வர் நின்றால் எதைத் திறந்து பார்க்கிறார் என்பதே கேள்வி.

விதி என்ற பதில் ஒரு கேள்வியை முடிக்கிறதா, தொடங்குகிறதா? இதை நாத்திகரிடம் கேட்பதைவிடத் தமிழ்நாட்டின் சைவ சித்தாந்தத்திடமே கேட்கலாம். வினையையும் இறைவனையும் முழுதாக ஒப்புக்கொண்ட மரபு அது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றினார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் அதைச் சிவஞான சித்தியாராக விரித்தார். உலகம் எப்படி உண்டாகிறது என்று விளக்க இந்த மரபு கையில் எடுப்பது ஒரு மண்குடம். குடத்துக்குக் காரணம் மூன்று. மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை மண்ணாகவும் இறைவனின் சக்தி தண்டும் சக்கரமுமாகவும் இறைவன் குயவனாகவும் நிற்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: குயவன் எவ்வளவு வல்லவனானாலும் மண்ணின் இடத்தை அவன் நிரப்புவதில்லை. மூன்று காரணமும் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்றின் குறையை இன்னொன்றின்மேல் ஏற்ற முடியாது. குடம் உருவாகவில்லை என்றால், குயவன் அருளவில்லை என்று சொல்லும் முன் மண்ணில் மணல் கூடிவிட்டதா, சக்கரத்தின் அச்சு முறிந்துவிட்டதா என்று பார்க்க இந்தக் கோட்பாடே இடம் தருகிறது. இறைநம்பிக்கை உள்ளவர் காரணம் தேடக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர் சித்தாந்தத்தின் முதல் பாடத்தையே விட்டுவிட்டார்.

வினையைப் பற்றியும் சித்தாந்தம் சொல்வது இதே திசையில்தான் போகிறது. வினை அறிவற்றது, தானே தேடி வந்து ஒருவரைப் பற்றாது. இறைவன் ஊட்டுவிக்கிறான், அதையும் தனு, கரணம், புவனம், போகம் வழியாகவே ஊட்டுவிக்கிறான். உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் இல்லாமல் வினை வந்து சேர வழி இல்லை. அப்படியானால் பேத்தியின் சர்வர் எழாதது அவள் வினைப்பயன்தான் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், அந்தப் பயன் ஏதோ ஒரு கருவியின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் கருவி இதோ மேசைமேல் இருக்கிறது. திறந்து பார்க்கலாம். ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே 62-ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார். 95-ஆம் அதிகாரத்தில் நோயை மட்டும் பார்க்காமல் அது எதிலிருந்து கிளம்பியது என்று தேடச் சொன்னார். இவற்றுக்குள் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதற்கு அடையாளமே இல்லை.

சரி, திறந்தாயிற்று. உள்ளே என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஓர் ஊர்க்கதை போலத்தான் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் சர்வர் 3306 என்ற எண்ணுள்ள போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தைய செமஸ்டரில் போட்ட இன்னொரு தொகுப்பு அந்த வாசலில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் புதியவருக்கு இடமில்லை. அல்லது, தரவு வைக்கும் அடைவு வேறொரு பயனரின் பெயரில் இருக்கிறது. சர்வருக்கு அதற்குள் நுழைய உரிமை இல்லை. லினக்ஸ் அதை 13 என்ற பிழை எண்ணால் சொல்லும். வட்டு நிரம்பிவிட்டால் எண் 28. நிறுவல் முடிந்ததே தவிர, சர்வர் தன் சொந்தக் கணக்குப் புத்தகங்களை, அதாவது பயனர் பட்டியல் போன்ற அடிப்படை அட்டவணைகளை, இன்னும் எழுதிக்கொள்ளவே இல்லை என்பதும் அடிக்கடி நடக்கும். கட்டில் வந்து இறங்கிவிட்டது; பூட்ட வேண்டிய ஆணிகள் பையிலேயே இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் இரண்டு இனம் கலந்திருக்கிறது. சிலவற்றில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை: உரிமை இல்லை, இடம் இல்லை, அட்டவணை இல்லை. போர்ட் சங்கதியில் எல்லாமே இருக்கிறது. கூடுதலாக ஒன்று குறுக்கே நிற்கிறது. புஞ்சையில் ஈரம் இல்லாததும் மண்கட்டி அமுக்குவதும் வேறு வேறு என்பதைப் போல.

இந்த வேறுபாட்டின் மேல் இந்திய மெய்யியலில் நீண்ட வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. நெருப்பு சுடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணியைப் பக்கத்தில் வைத்தால் சுடாது என்று பழைய நூல்கள் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டன. மணி உண்மையா என்பதை விட்டுவிடலாம், வழக்கு சுவையானது. நெருப்பும் இருக்கிறது, விறகும் இருக்கிறது, சுடவில்லை. மீமாம்சகர் சொன்னார்: நெருப்புக்குள் சக்தி என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு, மணி அதை அழித்துவிட்டது. நியாய மரபினர் மறுத்தார்கள். தெரியாத சக்தியை ஏன் கொண்டுவர வேண்டும்? தடை இல்லாமையையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் போதும். நெருப்பு, விறகு, தடையின்மை மூன்றும் சேர்ந்தால் சுடும். மணி வந்ததும் தடையின்மை போய்விட்டது, அவ்வளவுதான். மிதிலையைச் சேர்ந்த உதயணர் நியாய குசுமாஞ்சலியில் இந்தப் பக்கத்தை எடுத்து வாதாடினார்.

சர்வரோடு மல்லுக்கட்டிய எவருக்கும் உதயணரின் பக்கமே பிடிக்கும் என்று சொல்லலாம். சிஸ்டத்தில் ஏதோ போச்சு, விண்டோஸே சரியில்ல என்பதெல்லாம் மீமாம்சகரின் அழிந்துபோன சக்தியைப் போன்ற பேச்சு. அதை வைத்துக்கொண்டு அடுத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தடை, அது எங்கே நிற்கிறது என்று கேட்டால் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

ஆனால் தடையைக் கண்டுபிடிப்பதில்தான் மனம் வழுக்குகிறது. இங்கே தமிழுக்கென்றே ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. அதை நாம் காப்பியம் என்று மட்டும் எண்ணி அலமாரியில் வைத்துவிட்டோம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அவள் மாதவன் வடிவம் கொண்டு வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களிடம் போய் ஒவ்வொருவர் கொள்கையையும் கேட்கிறாள். முதலில் பேசும் வைதிகவாதி, அறிவு எந்தெந்த வழியில் வரும் என்று பத்து அளவைகளை அடுக்குகிறார். காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று போகும் அந்த வரிசையில் அபாவமும் ஒன்று. இன்மையை அறிவது அது. 29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கிறார். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. தவறாக நினைப்பதில் முப்பத்து மூன்று வகை. ஒரு கதாநாயகி துறவறம் பூண்டு கேட்கும் முதல் பாடம் இதுவாக இருக்கும் காப்பியம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அந்தப் பாடத்தில் ஒரு கழுதை வருகிறது. ஒருவன் ஓரிடத்தில் ஒரு கழுதையையும் ஒரு கணிகையையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பார்த்தான். பிறகு வேறெங்கோ கழுதையைக் கண்டதும் அங்கே கணிகையும் இருப்பாள் என்று முடிவு கட்டினால் அது சரியா? கூடாது என்கிறார் அடிகள். சேர்ந்து இருக்கக் கண்டதாலேயே ஒன்று மற்றொன்றுக்கு அடையாளம் ஆகிவிடாது. சேர்ந்து இருப்பதற்கு அவர் மொழியில் அந்நுவயம் என்று பெயர். சேர்ந்து இல்லாமல் போவது வெதிரேகம். அதையும் அவர் விடவில்லை. கழுதைப் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை என்பதைக் கண்டவன், வேறோரிடத்தில் நரிவாலைக் கண்டு நாய்வாலும் உண்டென்று கருத முடியுமா? இரண்டும் சேர்ந்து இல்லாமல் இருந்ததும் எதையும் நிறுவவில்லை.

கல்லூரி லேப்களில் இந்தக் கழுதை தினமும் நடமாடுகிறது. ஒருவன் ஆன்டிவைரஸை அணைத்தான், கணினியை மறுபடி தொடங்கினான், நிறுவலை அழித்துத் திரும்பப் போட்டான், சர்வர் எழுந்தது. ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று அன்றிலிருந்து விடுதி முழுவதும் பரவுகிறது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியவனுக்கு எது வேலை செய்தது என்று சொல்ல உரிமை இல்லை. 1843-இல் இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் தர்க்க நூலில் வேறுபாட்டு முறை என்று எழுதியதும் இதன் பக்கத்தில்தான் வருகிறது: மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார். சித்தியாரின் அளவை இயல் இன்னும் சிக்கனமானது. பத்து என்று பிறர் சொல்லும் அளவைகளைப் பட்டியலிட்டுவிட்டு, எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்று முடிக்கிறது. கண்ணால் பார், அதிலிருந்து கருது, நம்பத் தகுந்தவர் சொல்லைக் கேள். சர்வரின் பிழைப்பதிவை, அந்த லாக் கோப்பை, மூன்றாவதில் சேர்க்கலாம். நடந்தபோது உள்ளே இருந்தவரின் வாக்குமூலம் அது. விண்டோஸில் தரவு அடைவுக்குள்ளேயே, கணினியின் பெயரோடு, ஒரு கோப்பாக அது கிடக்கும். பேத்தி திரையின் 1067-ஐப் பார்த்தாளே தவிர அந்தக் கோப்பை இன்னும் திறக்கவில்லை.

திறந்தாலும் அது ஆங்கிலத்தில் பேசும். இது சின்னத் தடை அல்ல. ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு, தன் கணினி தனக்கே புரியாத மொழியில் வாக்குமூலம் தருகிறது. து. நித்யா எழுதி, கணியம் குழுவினர் இலவசமாக வெளியிட்ட ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ போன்ற நூல்களை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். மூடிய பெட்டியைத் திறக்கும் வேலையில் பாதி மொழியின் வேலை. உரை என்ற அளவை, கேட்பவருக்குப் புரிகிற வரைக்கும்தான் அளவை.

லாக்கில் ஒன்றுமே இல்லை என்றால்?

இன்மையைப் பற்றி இந்திய அறிஞர்கள் கண்ட நுட்பமான உண்மை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தரையில் குடம் இல்லை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர், காணாமை என்பதே தனி அளவை என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அது கருதலில் ஒரு வகை என்றார். இருவரும் 7-ஆம் நூற்றாண்டை ஒட்டியவர்கள், வாதம் கடுமையானது. ஆனால் ஒரு நிபந்தனையில் இருவர் வழியும் ஒன்றுபடும். குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான், காணாமை இன்மையைக் காட்டும். விளக்கு எரியும் அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் குடத்தைக் காணோம் என்றால் இருட்டு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். யோக்கிய அனுபலப்தி என்று இதற்குப் பெயர். தகுதியுள்ள காணாமை.

2017 ஜனவரி 31 இரவு, உலகம் முழுவதும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்திருந்த கிட்லேப் தளத்தில் நடந்தது இந்த நிபந்தனைக்கு எழுதப்பட்ட உரை போலவே இருக்கிறது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் பின்னர் முழு அறிக்கையையே வெளியிட்டதால் உலகத்துக்கு இது தெரியும். அவர்களிடம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று மூலம், மற்றது நகல். சுமை கூடி நகல் பின்தங்கிப்போக, அதை மறுபடி கட்டும் வேலையில் ஒரு பொறியாளர் இறங்கினார். வழியில் மூல சர்வரின் ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் தொடங்கச் சொன்னபோது போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 8000 என்று வைத்திருந்தார்கள். அதை 2000 ஆகக் குறைத்த பிறகே எழுந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் 8000-ஐ வைத்துக்கொண்டு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய சர்வர் அது. ஒரு வருடம் ஓடியதே, அப்புறம் ஏன் தவறாகும் என்று கேட்கத் தோன்றும். அறவண அடிகளின் கழுதை நினைவுக்கு வர வேண்டிய இடம் அது.

அடுத்து நகலெடுக்கும் கருவியை ஓட விட்டார்கள். திரையில் ஒரு வரியும் வரவில்லை. உண்மையில் அது மூல சர்வர் தரவை அனுப்பத் தொடங்கட்டும் என்று காத்திருந்தது. காத்திருக்கும்போது எதுவும் சொல்லாமல் இருப்பது அதன் இயல்பு. வெளியே இருந்தவர்களுக்கு அது செயலற்று நிற்பதாகத் தோன்றியது. நகல் சர்வரில் மிச்சமிருக்கும் பழைய அடைவுதான் தடையோ என்று எண்ணி அதை அழிக்கக் கட்டளை கொடுத்தார் பொறியாளர். இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. கட்டளை போனது நகலுக்கு அல்ல, மூலத்துக்கு. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சியிருந்தது.

காப்புப் பிரதி இருக்குமே என்று போய்ப் பார்த்தால், அங்கே ஒன்றும் இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பிரதி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வரும் என்று ஏற்பாடு இருந்தது. அந்த அஞ்சல்கள் முறையாகக் கையொப்பம் இடப்படாததால் பெறும் பக்கத்திலேயே தள்ளுபடி ஆகிவிட்டன. பிழைச் செய்தி வரவில்லை, ஆகவே பிழை இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இருட்டறையில் குடத்தைக் காணோம். ஆகவே குடம் இல்லை. அதே பொறியாளர் வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு தன் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் கடைசியில் தளத்தை மீட்டது. சுமார் பதினெட்டு மணி நேரம் தளம் நின்றது. இடைப்பட்ட நேரத்தில் உருவான ஏறக்குறைய 5000 திட்டங்களும் 5000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் போய்விட்டன. மீட்கும் வேலையை அவர்கள் உலகம் பார்க்க யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தப் பொறியாளர்மேல் பழி சுமத்தி அறிக்கையை முடிக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒரு மனிதரின் பெயரில் காரணத்தை முடித்திருந்தால், தள்ளுபடியான அஞ்சல்கள் தள்ளுபடியாகவே தொடர்ந்திருக்கும்.

பேத்திக்கும் இது பொருந்தும். லாக் கோப்பு காலியாக இருக்கிறது என்றால், சர்வர் அந்தக் கோப்பைத் திறக்கும் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு முன்பே விழுந்திருந்தால் அதன் கடைசிச் சொல் வேறு எங்கோ, இயங்குதளத்தின் சொந்தக் குறிப்பேட்டில், கிடக்கும். உபுண்டுவில் சர்வரின் தரவு அடைவை வேறு வட்டுக்கு மாற்றியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும், ஆப்ஆர்மர் என்ற காவலாளி புதிய இடத்துக்குள் சர்வரை விடாது. அந்த மறுப்பு முதலில் பதிவாவது காவலாளியின் நோட்டில்.

மறுப்பு என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் எழுத வேண்டியிருக்கிறது. எழாத சர்வரை நாம் தோற்ற சர்வர் என்கிறோம். பல நேரம் அது தோற்கவில்லை, மறுக்கிறது. போஸ்ட்கிரெஸை ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்ட முயன்றால் ஓடாது. ஓடினால் திருடன் நுழையும் வழியும் முழு அதிகாரத்தோடு திறந்துவிடும். அதன் தரவு அடைவை எல்லோரும் படிக்கலாம் என்று திறந்து வைத்தாலும் எழாது. முந்தைய பெரும் பதிப்பு எழுதிய தரவின்மேல் புதிய பதிப்பை உட்கார வைத்தாலும் எழாது. அதே தரவின்மேல் இன்னொரு சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் எழவே எழாது. இரண்டு கை ஒரே கணக்கில் எழுதினால் கணக்கு என்ன ஆகும்? மைஎஸ்கியூஎல் 8.0-இல் அட்டவணைப் பெயர்களின் பெரிய, சிறிய எழுத்துகளை எப்படி நடத்துவது என்ற அமைப்பைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் சொல்லலாம். பிறகு மாற்றினால் அதுவும் மறுத்துவிடும்.

இதைக் கரிசல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முறை அவர்களிடம் உண்டு. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உட்பட, மானாவாரிக்காக உழைத்தவர்கள் அதைச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். ஏன் அந்த ஆழம்? மேலாகப் போட்டால் ஒரு சின்னத் தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழைக்குள் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை போதுமான மழை பெய்து ஈரம் அதுவரை இறங்கினால்தான் எழும். அதுவரை எழாமல் இருப்பதே அதன் நலம். மேற்பார்வைக்கு அதுவும் முளைக்காத விதைதான்.

இதைப் புரிந்துகொள்ளாத அவசரம் தரவுத்தளங்களில் பெரிய சேதம் செய்திருக்கிறது. உரிமைப் பிழை வந்தால் 777 என்று போட்டு எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுவது. எழவில்லை என்றால் உள்ளே இருக்கும் சில கோப்புகளை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்வது. புதிதாக நிறுவிய கணினியில் இழக்க ஒன்றுமில்லாததால் அது வெற்றிபோலத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு ஒரு பிள்ளை வேலைக்குப் போய், ஒரு மருத்துவமனையின் சர்வர் முன் உட்காரும் நாளும் வரும். மைஎஸ்கியூஎலில் கட்டாய மீட்புக்கு 1 முதல் 6 வரை படிகள் உண்டு. 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் ஒரு படி மேலே போய்ப் பெயரையே மாற்றினார்கள். எழுதவிருக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே குறித்து வைக்கும் அடைவுக்குப் பெயர் பிஜி_எக்ஸ்லாக். லாக் என்ற சொல்லைப் பார்த்தவர்கள், வட்டு நிறைந்து சர்வர் நின்றுபோன நேரத்தில், பழைய குறிப்புகள்தானே என்று அதை அழித்து, தரவுத்தளத்தின் உயிரையே போக்கிக்கொண்டிருந்தார்கள். 2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பில் அது பிஜி_வால் ஆனது. கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிவுக்காட்சி என்று அளவை நூல்கள் சொல்லும். இங்கே திரிவு எதிர்த்திசையில். உயிருள்ளதைக் குப்பையாகக் கண்டார்கள். பார்ப்பவரை மட்டும் குறைசொல்லாமல், பார்க்கப்படும் பொருளின் பெயரைத் திருத்திய அந்த முடிவு மிகுந்த மதிப்புக்குரியது.

சார்பு என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு மென்பொருள் ஓட வேறு எவையெவை தேவையோ அவற்றைத் தமிழ்க் கணினி எழுத்தாளர்கள் சார்புகள் என்கிறார்கள். மணிமேகலையின் 30-ஆம் காதையும் அதே சொல்லில்தான் நிற்கிறது. பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று முடியும் பன்னிரு சார்பு. ஒன்று சார்ந்து ஒன்று தோன்றும். ஒன்று மீள ஒன்று மீளும். பௌத்தம் அந்தச் சங்கிலியில் இறைவனை வைக்கவில்லை. சித்தாந்தம் வைத்தது, பௌத்தத்தைச் சித்தியாரின் பரபக்கத்தில் கடுமையாக மறுக்கவும் செய்தது. குயவன் இல்லாமல் குடமா என்ற அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. ஒரு மடிக்கணினி தீர்த்துவைக்கப் போவதும் இல்லை. ஆனால் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்று குனிந்து பார்ப்பதில் இரு தரப்பும் ஒரே பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

இன்னொன்றும் உண்டு. அளவைப் பாடம் நடக்கும் காஞ்சி, மழை பொய்த்த காஞ்சி. பாடத்துக்கு முந்தைய காதையில் மணிமேகலை அந்த ஊருக்கு வருவதே அங்கே பசி என்று கேள்விப்பட்டுத்தான். அமுதசுரபியால் எல்லோருக்கும் சோறிட்ட பிறகே அவள் அறவண அடிகள் முன் அமர்ந்து ஏதுவையும் போலியையும் கேட்கிறாள். வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்களுக்கு இந்த வரிசை சட்டென்று புரியும். காரணத்தைத் தவறாகக் கண்டால் ஒரு பட்டம் போய்விடும் என்று தெரிந்த இடத்தில் சரியாக நினைப்பது பொழுதுபோக்கு ஆகாது.

பேத்தி கோப்பைத் திறந்துவிட்டாள். கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போகிறாள். 3306-ஐப் பற்ற முடியவில்லை, அந்த எண் ஏற்கெனவே வேறொன்றின் கையில் இருக்கிறது என்று ஒரு வரி. தாத்தா பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்கிறார்.

“என்ன தாயி சொல்லுது?”

“ஏற்கெனவே ஒண்ணு அந்த எடத்துல உக்காந்திருக்காம் தாத்தா. போன வருசம் போட்டது.”

“அதைப் பிடுங்கிறப் போறியா?”

“இல்ல. அதுல என் பழைய ப்ராஜக்ட் இருக்கு. நிறுத்தி மட்டும் வைக்கணும். மொதல்ல ஒரு காப்பி எடுத்துக்கிடுறேன்.”